பச்சை போன பிறகு

பச்சை பூசிய முகத்தில் அரிசிமாவைத் தேய்த்தால் பச்சை போகும். எதுவும் பூசாத முகத்தில் தேய்த்தால் எது போகும்? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

கூத்து கற்றுக்கொடுக்கும் ஏகவல்லி, தன் மாணவி குமுதாவைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

குமுதாவின் கன்னம் இரண்டும் சிவந்து, தோல் உரிந்திருந்தது. கூத்துக்கு இன்னும் ஐந்து நாள். அவள்தான் கிருஷ்ணன்.

"என்னடி பண்ணின?"

"அரிசிமாவு தேய்ச்சேன், வாத்தியாரம்மா."

"எத்தனை தடவை?"

"காலையில மூணு. சாயங்காலம் மூணு."

"தயிர்ல குழைச்சுதானே?"

"வெறும் மாவு. அப்பத்தான் கறுப்பை நல்லா எடுக்கும்."

ஏகவல்லி கண்ணை மூடித் திறந்தார். வேஷம் கலைக்க முதலில் எண்ணெய். அப்புறம் தயிரில் குழைத்த அரிசிமாவு, விரல் நுனியால், மெதுவாக, ஒரே தடவை. இதை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருமுறை சொல்லியிருந்தார். குமுதாவுக்கு மட்டும் இரண்டு முறை.

"முகம் முழுக்கப் பச்சை பூசப் போறோம். அதுக்கு அடியில நீ வெளுத்திருந்தா யாருக்குடி தெரியும்?"

"கலைச்ச பிறகு தெரியுமே."

"தெரிஞ்சு?"

"போன தடவை முகம் கழுவிட்டு வந்தேன். 'இன்னும் சாயம் போகலையே'ன்னு கூட ஆடுற பிள்ளைங்க சிரிச்சாங்க."

ஏகவல்லி பச்சை குழைத்த கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, உரிந்த கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தார்.

"ஸ்ஸ்... எரியுது."

"ஒரு பொட்டுக்கே எரியுது. முகம் முழுக்கப் பூசிக்கிட்டு மூணு மணி நேரம் எப்படிப் பாடுவ?"

பொட்டைத் துடைத்துவிட்டுத் தேங்காயெண்ணெய் தடவினார்.

"அப்ப கிருஷ்ணன்?"

"கன்னம் ஆறினா நீ. ஆறலைன்னா மல்லிகா."

"மாவு டப்பாவைக் கொண்டுவரேன். நீங்களே வச்சுக்கோங்க."

"வேண்டாம். உங்க வீட்டுல அரிசி இருக்கு, தெருமுனையில மிஷின் இருக்கு. நாளைக்கே போய் அரைச்சுக்குவ."

"அவங்க மறுபடி சிரிச்சா?"

"வேஷத்தைக் கலைக்கத்தான் மாவு கொடுத்தேன். நீ யாரைக் கலைச்சுக்கிட்டிருக்க?"

குமுதா வீட்டுக்குப் போய் மாவு டப்பாவை அம்மாவிடம் கொடுத்து, இடியாப்பம் பிழியச் சொன்னாள். நான்கு தின்றாள்.