கன்னியப்பர் எறிந்த துண்டு

அந்த மழைக்காலம் முழுவதும் ராயபுரத்தில் ஒரே வழக்குதான் நடந்தது. வழக்கு நடந்த இடம் கோதண்டத்தின் சலூன்.

தேவசகாயம் பல வருஷமாகக் குத்துச்சண்டையில் சாம்பியன். நாற்பதை நெருங்கும் வயதில் பொன்மலை தர்மலிங்கத்தோடு மோதினான். தர்மலிங்கம் இளைஞன், இடதுகைக்காரன். ஆறு சுற்றுச் சண்டையில் ஐந்து முடிந்தபோது தேவசகாயம்தான் புள்ளியில் முன்னால் இருந்தான். இதை நடுவர்களே பிறகு சொன்னார்கள்.

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது. இரண்டு பேரும் நடுவில் வந்து நின்றார்கள். அப்போது தேவசகாயத்தின் மூலையிலிருந்து ஒரு துண்டு பறந்து வந்து ரிங்குக்குள் விழுந்தது. துண்டு விழுந்தால் அந்தப் பக்கம் தோல்வியை ஒப்புக்கொண்டது என்று பொருள். எறிந்தவர் அவனுடைய வாத்தியார் கன்னியப்பர்.

தர்மலிங்கத்தின் கையைத் தூக்கிவிட்டார்கள். தேவசகாயம் விழவில்லை, ரத்தம்கூட இல்லை. நின்றபடியே தோற்றான்.

ஏன் எறிந்தார் என்று கன்னியப்பர் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் ஊர் சொல்லிக்கொண்டது.

"இன்னும் ஒரே சுத்து. சும்மா சுத்திச் சுத்தி ஓடியிருந்தாக்கூட ஜெயிச்சிருப்பான்," என்றான் கோதண்டம், தோல்வாரில் கத்தியைத் தீட்டிக்கொண்டே.

"ஓடறதுக்குக் கால் வேணும்பா. மூணாவது சுத்துலயே தேவாவுக்குக் கால் எழும்பலை," என்றார் துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஜெகநாதன்.

"கை எழும்பிச்சே. அந்த நொட்டாங்கைக்காரன் மூஞ்சியைப் பாத்தியா? பெத்தவளே யாருப்பா நீன்னு கேட்டிருப்பா."

"வயசாயிடுச்சு கோதண்டம். அவனும் மனுஷன்தானே."

"வயசு தேவாவுக்கு ஆகலை. வாத்தியாருக்கு ஆயிடுச்சு. பயந்துட்டாரு."

"பயமா?" என்றான் நாற்காலியில் சோப்பு முகத்தோடு இருந்தவன். "சிஷ்யன் பேரு பெரிசாப் போச்சு. பொறுக்கலை."

அந்த நேரம் கன்னியப்பர் உள்ளே வந்தார். பேச்சு நின்றது. வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்தார். நாற்காலியில் இருந்தவன் எழுந்து போனான். கோதண்டம் வழக்கம்போல நாற்காலியைத் தட்டி அவரைக் கூப்பிடவில்லை.

"கத்தி தீட்டணும் வாத்தியாரே," என்றான்.

கன்னியப்பர் அவன் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். அது பளபளவென்று இருந்தது.

"தீட்டுப்பா. அவசரமில்லை," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு அவர் தாடி வளர்ந்தது.

உப்புக் கிடங்குக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அவர் நடத்தி வந்த பயிற்சிக்கூடமும் காலியாகிவிட்டது. கற்றுக்கொள்ள வந்தவர்கள் வேறு வாத்தியாரிடம் போய்விட்டார்கள். பொங்கல் கழித்து அதே இருவரும் மறுபடி மோதுவதாகச் சுவரெங்கும் நோட்டீஸ் ஒட்டினார்கள். மூலையில் நிற்கத் தேவசகாயம் வேறு ஆளைப் பேசிவிட்டான் என்றும் சொன்னார்கள்.

தேவசகாயம் அதுவரை கொட்டகைப் பக்கம் வரவில்லை. ஒரு மத்தியானம், தூறலில் நனைந்துகொண்டு வந்தான்.

கன்னியப்பர் தரையில் உட்கார்ந்து, கிழிந்துபோன குத்துமூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"என் கிளவுஸை எடுத்துட்டுப் போக வந்தேன்."

"பெட்டி மேல இருக்கு."

எடுத்தான். ஆனால் போகவில்லை.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"ஏன் துண்டு போட்டீங்க?"

கன்னியப்பர் கோணி ஊசியை மூட்டையில் குத்தி நிறுத்தினார்.

"நீ முதல்ல சொல்லு. கடைசிச் சுத்துல என்ன பண்றதா இருந்தே?"

"அதான் போச்சே. இப்ப எதுக்கு?"

"கெடுத்தவன் நான். எதைக் கெடுத்தேன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

தேவசகாயம் கிளவுஸைக் கீழே வைத்தான். காலை அகட்டினான், தோளை இறக்கினான். அப்படி நின்றதும் அவன் முகத்திலிருந்த கோபம் போய்விட்டது.

"அவனுக்கு இடது கையே கிடையாது வாத்தியாரே. சும்மா மூஞ்சிக்கு முன்னாடி தொங்கப் போட்டிருப்பான். எல்லாம் வலதுதான். அந்த வலதை வரவிட்டு, இப்படிக் குனிஞ்சு, உள்ளே போயிடணும்." குனிந்தான். பெரிய உடம்பு அழகாகக் குனிந்தது. "போயி விலாவுல ஒண்ணு. ஏற்கெனவே உடைஞ்ச விலா. அங்க தொட்டாலே கையை இறக்கிடுவான். அப்புறம் தாடை திறந்து கிடக்கும்."

"யாருக்கு விலா உடைஞ்சுது?"

"அவனுக்குத்தான்."

"அவன்னா?"

"அவன்தான் வாத்தியாரே, சிலுவைரா..."

நிறுத்தினான்.

தகரத்தின் மேல் தூறல் விழும் சத்தம் கேட்டது. தேவசகாயம் குனிந்த நிலையிலிருந்து மெல்ல நிமிர்ந்தான். ஆனால் கைகளை இறக்கவில்லை.

"தர்மலிங்கம் இடதுகைக்காரன்," என்றான்.

"ஆமா."

"சிலுவைராஜுக்குத்தான் விலா..."

"சிலுவைராஜோட நீ மோதினது அந்தக் காலம். அவன் செத்துப் போயிட்டான் தேவா. காசிமேட்டுக் கல்லறை வரைக்கும் பெட்டிக்கு நீ தோள் கொடுத்தே."

"கொடுத்தேன். தெரியும்." கைகளை இறக்கினான். "அன்னிக்கு ரிங்குலயும் இப்படித்தான் ஏதாவது சொன்னேனா?"

"அஞ்சாவது சுத்து முடிஞ்சு வந்து உக்காந்தே. தண்ணி குடிச்சே. எந்திரிக்கறப்ப என் காதுகிட்ட வந்து, 'சிலுவை இன்னிக்குத் தாங்க மாட்டான் வாத்தியாரே'ன்னே. மணி அடிச்சிடுச்சு. நீ போயிட்டே."

"உளறினேனா?"

"இல்லடா. ரொம்பத் தெளிவாச் சொன்னே. அதான் எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாச்சு. நீ நடுவுல போய் நிக்கற வரைக்கும் துண்டைக் கையில வச்சுக்கிட்டே நின்னேன். அந்தக் கொஞ்ச நேரத்துல தர்மலிங்கத்தோட இடது கை வந்திருந்தா?"

தேவசகாயம் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். மூட்டையிலிருந்து சரிந்திருந்த மரத்தூளைக் கையால் கூட்டிச் சேர்த்தான்.

"போன வாரம், தினம் போற கல்மண்டபம் தெருவுலயே நின்னுட்டேன் வாத்தியாரே. வீடு எந்தப் பக்கம்னு தெரியலை. மழையில அப்படி இருக்குன்னு நினைச்சேன்."

"வீட்டுல சொன்னியா?"

"இல்லை."

"இன்னிக்குச் சொல்லிடு."

தலையாட்டினான். "மறு சண்டை வேணாம்னு சொல்லிடறேன்," என்றான்.

"கேட்டா என்ன சொல்லுவே?"

"உள்ளதைச் சொல்றேன்."

"வேணாம். இனிமே சண்டை போடலைன்னு வாத்தியார் மேல சத்தியம் பண்ணிக் கொடுத்துட்டேன், விடமாட்டேங்கறாருன்னு சொல்லு. எல்லாரும் நம்புவாங்க."

"அதுக்கும் உங்களைத்தான் பேசுவாங்க."

"பேசட்டும்."

தேவசகாயம் கூட்டிய மரத்தூளை மூட்டைக்குள் போட்டான்.

"ஏன் வாத்தியாரே? வர்றவன் போறவன் எல்லாம் உங்களைத் துரோகின்னு சொல்றான். என் வாயாலயும் சொன்னேன். ஒரு வார்த்தை நீங்க சொல்லியிருக்கலாமே. எனக்காவது ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கலாமே."

"ரெண்டு தரம் நானே வீட்டுக்கு வந்தேன். உன்னைச் சுத்தி ஆளுங்க இருந்தாங்க. திரும்பிட்டேன்."

"அவங்க முன்னாடியே சொல்லியிருந்தா என்ன?"

கன்னியப்பர் ஊசியை எடுத்துக்கொண்டார்.

"சொல்லியிருந்தா, அன்னிக்குத் தோத்தவன் நீன்னு ஆயிடும். இப்ப தோத்தவன் நான். அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும். அந்தக் கோணியை இழுத்துப் பிடி, தைக்கணும்."