இக்கரையில் ஒரு பிரசவம்

அந்த ஐப்பசியில் கொள்ளிடம் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. மருத்துவச்சி தையல்நாயகி மடத்துக்குள் நுழைந்தபோது இடுப்புவரை நனைந்திருந்தாள். கோபம் உச்சந்தலை வரை ஏறியிருந்தது.

"சாமி! இருக்கீங்களா, இல்ல நீங்களும் ஆத்தோட போயிட்டீங்களா?"

சாமி உள்ளேதான் இருந்தார். கூரை ஒழுகும் இடங்களில் பானை வைத்துக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வயது. தையல்நாயகி அவரைவிட இருபத்திரண்டு வயது மூத்தவள். அவர் பிறந்தபோது தலைகீழாகப் பிடித்து, முதுகில் தட்டி, முதன்முதலில் அழவைத்தவளே அவள்தான். அவள் பார்த்த முதல் பிரசவம் அது. இருந்தும் ஏழு வருஷமாக அவரிடம்தான் உபதேசம் கேட்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் வருவாள், ஏதாவது கேட்பாள், பதில் பிடிக்காமல் முணுமுணுத்துக்கொண்டே போவாள், அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வந்து நிற்பாள்.

அன்று வெள்ளிக்கிழமை இல்லை.

"கோமளத்துக்கு வலி கண்டிருச்சாம்" என்றாள்.

கோமளம் அவளுடைய ஒரே மகள். அக்கரையில் வாழ்க்கைப்பட்டவள். முதல் பிரசவம். வளைகாப்புப் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துவர அடுத்த வாரம் நாள் குறித்திருந்தது. குழந்தை நாள் பார்க்கவில்லை. ஒரு மாதம் முந்திக்கொண்டது. விடிந்ததும் அக்கரையிலிருந்து ஒரு பரிசல் வந்தது. சேதி சொல்ல வந்த ஆளை இறக்கிவிட்டதோடு சரி, பரிசல்காரர் பொன்னுரங்கம் அதைக் கவிழ்த்து மரத்தில் கட்டிவிட்டார். இனிமேல் யார் சொன்னாலும் எடுப்பதில்லை என்றார். பாலத்துக்குப் போகும் சாலை இரண்டு இடத்தில் உடைந்து கிடந்தது.

"அந்த ஆளு காலைப் பிடிச்சுக் கெஞ்சினேன் சாமி. அசையல. சரி, நானே போறேன்னு இறங்கினேன். பின்னாலேயே வந்து கொண்டையைப் பிடிச்சு இழுத்துப் போட்டுட்டாரு. 'இந்தத் தண்ணியில என் பரிசலையே நான் நம்பல, நீ உன் காலை நம்புறியா'ன்னு கேக்குறாரு."

"நல்ல கேள்வி."

"கேள்வி நல்லாத்தான் இருக்கு! இடுப்பை வலிக்கிறது என் மகளுக்கில்ல?"

அவள் தோளிலிருந்து பையை இறக்கினாள். விளக்கெண்ணெய்க் குப்பி, நூல்கண்டு, கத்தி, வெளுத்த பழைய துணி. முப்பத்திரண்டு வருஷமாக அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் போகாத வீடு இல்லை. எந்தச் சாமத்தில் கூப்பிட்டாலும் போனாள். எவள் எவளுக்கோ பார்த்தாள். பெற்ற மகளுக்குப் பார்க்க முடியாமல் குறுக்கே ஒரு ஆறு.

"அங்க யாரு இருக்கா?" என்று சாமி கேட்டார்.

"யாரு இருக்கா? மாமியாக்காரி பட்டம்மா இருக்கா. ரத்தத்தைப் பாத்தா மயங்கி விழுவா. கோழி அறுத்தாலே கொல்லைப்பக்கம் ஓடுற பொம்பளை. அக்கரையில இருந்த மருத்துவச்சியும் போன வருஷம் செத்துப்போயிட்டா. என் மக யார் கையில கிடக்கான்னு நெனச்சாலே எனக்கு ஈரக்கொலை நடுங்குது."

சாமி இன்னொரு பானையை நகர்த்தி வைத்தார். அதைப் பார்த்துத் தையல்நாயகிக்கு ஆத்திரம் வந்தது.

"ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. என் மக பொழைச்சிருவாளா?"

"தெரியாதும்மா."

"தெரியாதா! பின்ன எதுக்கு இந்தக் காவி?"

"அழுக்குத் தெரியாது."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். தூணோரம் சரிந்து உட்கார்ந்தாள். மடத்துக்குள் எங்கே திரும்பினாலும் வாத்து. வயல்வெளியில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்த குடும்பம் ஒன்று வெள்ளத்துக்குத் தப்பி வந்து மடத்து மாட்டுக்கொட்டகையில் ஒதுங்கியிருந்தது. நானூறு வாத்து. ஒன்றையும் அடக்க முடியவில்லை. ஒன்று அவள் பையை வந்து கொத்தியது. அதையும் திட்டினாள்.

"எல்லாத்தையும் கடவுள்கிட்ட விட்டுருன்னு சொல்லப்போறீங்க. அதானே?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லித் தொலைங்களேன்! அதுக்குத்தானே வந்தேன்? விடுறதுன்னா எப்படி விடுறது? கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறதா? எனக்கு அது தெரியாது சாமி. எனக்குத் தெரிஞ்சது இந்த ரெண்டு கைதான். இந்தக் கை இருந்தா அவ பொழைப்பா. இல்லேன்னா…"

ஈர முந்தானையை முறுக்கிப் பிழிந்தாள்.

அப்போது கொட்டகைப் பக்கமிருந்து ஒரு ஆள் ஓடிவந்தான். வாத்துக்கார அய்யாறு. முழங்கால்வரை சேறு.

"சாமி, என் பொஞ்சாதிக்கு வலி எடுத்திருச்சு. விடியக்காலையிலேருந்தே இருந்துச்சாம், சொல்லாம இருந்துட்டா. இப்பத் தாங்க முடியாம கத்துறா. இந்த ஊர்ல யாரும் தெரியாது. யாராவது பாக்குற ஆளு…"

சாமி தையல்நாயகியின் பக்கம் திரும்பினார்.

"என்னைப் பாக்காதீங்க" என்றாள் தையல்நாயகி.

"உங்களைப் பாக்கல. பை நனையுது, அதைப் பாத்தேன்."

"எனக்கு இப்ப எதுவும் ஓடாது. கையைப் பாருங்க, எப்படி நடுங்குதுன்னு. என் மக அங்க கிடக்கா. நான் இங்க யாருக்கோ…"

கொட்டகையிலிருந்து ஒரு அலறல் வந்தது. முப்பத்திரண்டு வருஷமாகக் கேட்டுப் பழகிய காதுக்கு அது எந்த நேரத்து அலறல் என்று தெரியும். தெரிந்தபின் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"நாசமாப் போக" என்று ஆற்றையோ சாமியையோ திட்டிக்கொண்டே எழுந்தாள். "அடுப்பு மூட்டச் சொல்லுங்க. வெந்நீர் வேணும். வாத்துக்காரா, நீ இதுங்களை முதல்ல வெளியே ஓட்டு!"

அந்தப் பெண் பெயர் ருக்கு. இருபது வயதுகூட இருக்காது. வைக்கோல் மேல் கிடந்தாள். தையல்நாயகி தொட்டுப் பார்த்தாள். தலை தட்டுப்பட வேண்டிய இடத்தில் கால் தட்டுப்பட்டது.

ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒன்று சொல்வாள்: "பயப்படாதே, நான் இருக்கேன்." அதைச் சொன்னதும் வலியில் கிடப்பவளின் முகம் தெளியும். இன்று வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை. அக்கரையில் கோமளத்திடம் அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பு குறுக்கே வந்தது.

மடத்தில் ஏழு வருஷம் விளக்குப் போட்டவள். அத்தனை நாளும் அவள் தெய்வத்திடம் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. கேட்க அவசியம் இருந்ததாக நினைத்ததில்லை. இப்போது கண்ணை மூடாமல், கையைக் கூப்பாமல், எரிச்சலோடுதான் கேட்டாள்.

'மாரியாத்தா, எனக்கு ஒண்ணும் புரியல. அவளை நீ பாத்துக்க. என்னால முடியல. இவளை நான் பாக்குறேன். அதுக்கும் நீதான் வரணும்.'

பிறகு கையில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டாள்.

ருக்கு பயத்தில் அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். விடவே இல்லை.

"விடுடி" என்று தையல்நாயகி அதட்டினாள். "என் கையை நீ பிடிச்சுக்கிட்டிருந்தா நான் எப்படி வேலை செய்யறது? விடு. அந்தத் தூணைப் பிடிச்சுக்க."

அந்தப் பெண் விட்டாள்.

உச்சிவேளை தாண்டியது. ஒரு காலை இறக்கி, மற்றொன்றைத் தேடி எடுத்து, இடுப்பைத் திருப்பி, தோளைத் திருப்பி, கடைசியில் தலை. நீலம் பாரித்து வந்த குழந்தை அழவில்லை. வாயைத் துடைத்தாள். முதுகில் தட்டினாள். ஊதினாள். வைதாள். அது மெல்ல ஒரு முறை இருமியது. அப்புறம் கொட்டகையே அதிரும்படி கத்தியது.

நூல் கட்டி, கொடி அறுத்து, குளிப்பாட்டிக் கொடுத்தபின்தான் அவளுக்குக் கோமளம் ஞாபகம் வந்தது. இவ்வளவு நேரம் மகளை மறந்திருந்தோம் என்பது தெரிந்ததும் திக்கென்றது. வெளியே ஓடினாள். ஆறு அப்படியே இருந்தது.

இரண்டு நாள் மழை விடவில்லை. தையல்நாயகி மடத்திலேயே கிடந்தாள். ருக்குவுக்குப் பத்தியக் கஞ்சி வைத்தாள், குழந்தைக்கு எண்ணெய் தேய்த்தாள், நாழிகைக்கு ஒருமுறை கரைக்குப் போய்ப் பொன்னுரங்கத்தோடு சண்டை போட்டுவிட்டு வந்தாள். சாமியிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவரும் பேச்சுக் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் இறங்கியது. பொன்னுரங்கம் தானாகவே வந்து, "ஏறு" என்றார்.

அக்கரையில் வீட்டு வாசல்வரை போனவள் அங்கேயே நின்றாள். உள்ளேயிருந்து ஒரு குழந்தையின் அழுகை கேட்டது. அதன் பிறகுதான் படி ஏறினாள்.

கோமளம் பாயில் கிடந்தாள். வெளிறிப்போய், காய்ச்சலோடு, ஆனால் கண் திறந்து. "ஏம்மா இவ்வளவு நேரம்?" என்றாள். பக்கத்தில் ஒரு கைப்பிடி அளவுக்குப் பெண் குழந்தை.

தையல்நாயகி முதலில் பார்த்தது தொப்புள்கொடியை. புடவைக் கரையைக் கிழித்து ஏழெட்டு முடிச்சாகக் கட்டியிருந்தது.

"யாரு கட்டினது இது? வைக்கோல் கட்டுற மாதிரியா கட்டுவாங்க?" என்று கேட்டவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

பட்டம்மா கதவோரம் ஒடுங்கி நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சம்பந்தியம்மா. கை நடுங்கிச்சு, கண்ணு இருட்டிச்சு. நான் மயங்கி விழுந்தா இவளுக்கு யாருமே இல்லையேன்னுதான் நின்னேன். மகமாயி மகமாயின்னு கத்திக்கிட்டே கையை நீட்டினேன். வந்து விழுந்துச்சு. அவ்வளவுதான்."

பத்து நாள் மகளோடு இருந்தாள். காய்ச்சல் இறங்கியது, பால் சுரந்தது. பதினோராம் நாள் திரும்பினாள்.

அன்று வெள்ளிக்கிழமை. சாமி மடத்து வாசலில் வெள்ளம் விட்டுப்போன வண்டலை மண்வெட்டியால் வழித்துக்கொண்டிருந்தார். வாத்துக் குடும்பம் ஊருக்குப் போய்விட்டிருந்தது.

"பேத்தி?" என்றார்.

"நல்லா இருக்கா." அவள் குரலில் இன்னும் சூடு ஆறவில்லை. "மக நல்லா இருக்கா. மாமியாக்காரியும் நல்லா இருக்கா. எல்லாரும் நல்லா இருக்காங்க. எனக்குத்தான் ஒண்ணும் நல்லா இல்ல."

"ஏம்மா?"

"ஏன்னா? ஒண்ணுமே தெரியாதவ சாமி அவ! கோழி ரத்தத்தைப் பாத்து ஓடுறவ! அவ கையில என் மக பொழைச்சா, என் கை எதுக்கு? முப்பத்திரண்டு வருஷமா நான்தான் நான்தான்னு ஓடினேன். ஒரு வீட்டுல படியேறும்போதும் நெஞ்சு பதறாம ஏறினதில்ல. நான் ஒரு நிமிஷம் பிந்தினா எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். நான் இல்லாமலே நடக்குதுன்னா, நான் எதுக்கு? அதைச் சொல்லுங்க. தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

சாமி மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார்.

"அய்யாறு கிளம்பும்போது ஒண்ணு சொன்னான். அன்னிக்கு விடியக்காலையிலேருந்து அவன் பொண்டாட்டி உள்ளுக்குள்ளயே கூப்பிட்டுக்கிட்டு இருந்தாளாம். மாரியாத்தாளைத்தான். வேற யாரையும் அவளுக்கு இந்த ஊர்ல தெரியாதே. 'ஆத்தா வா, ஆத்தா வா'ன்னு."

"சரி. அதுக்கென்ன?"

"போனது நீங்க."

தையல்நாயகி தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். ஏழு வருஷத்தில் முதல்முறையாக, முணுமுணுக்காமல் நின்றாள்.