செர்ரி மரம் சாப்பிட உட்கார்ந்த கதை

மரங்களும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், குளிர்ந்த மலையொன்றின் உச்சியில் செர்ரித் தோப்பு ஒன்று இருந்தது. அதில் வருஷம் முழுக்கப் பூ. மழையில் பூ, பனியில் பூ, மற்ற மரமெல்லாம் தூங்கும்போதும் பூ. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பூத்துக்கொண்டே நின்ற மரத்தை யாராவது கேட்டார்களா?

அந்த மலையில் ஒரு வழக்கம். விருந்தாளி யார் வந்தாலும் தோப்புக்கு அழைத்துப்போய், பூவுக்கடியில் உட்காரவைத்துத்தான் சோறு போடுவார்கள். வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து வாய் பிளக்க வேண்டும். அதில் ஊர்த்தலைவர் மல்லனாருக்கு அப்படியொரு பெருமை. இலை வந்தால் பூவை மறைக்குமாம். அதனால் துளிர்க்கும்போதே கிள்ளிப்போடச் சொல்லியிருந்தார். கிள்ளுவது தோப்பில் வேலைசெய்த காரி என்ற பெண்ணின் பொறுப்பு. ஏணியில் ஏறி இறங்கியே அவள் முழங்கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன.

ஒருநாள் தோப்பின் மூத்த மரம் மெல்லக் கேட்டது: "காரி, இன்றைக்கு ஒரே ஒரு துளிரை விட்டுவிடேன்."

"விட்டால் தலைவர் என்னைத் திட்டுவார்."

"இலையில்தானடி நான் சமைக்கிறேன். அடுப்பையே கிள்ளிப்போட்டால் எதைத் தின்று பூப்பேன்? கிளையைத் தொட்டுப் பார்."

தொட்டாள். ஒடிந்து கையோடு வந்தது. உள்ளே பொட்டு ஈரமில்லை.

காரி நேரே மல்லனாரிடம் போனாள். "தலைவரே, மரம் பட்டினி கிடக்கிறது. இப்படியே போனால் செத்துவிடும்."

"பூத்துக் குலுங்குகிறது, பட்டினியாம்! பசித்த முகமா அது?"

"முகத்தைத்தானே பார்க்கிறீர்கள்!"

"நாளைக்கு என் மகள் கல்யாணம். சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். அது முடியட்டும்."

"போன மாசம் காதுகுத்து முடியட்டும் என்றீர்கள். அதற்கு முன்னால் மச்சான் வந்துபோகட்டும் என்றீர்கள்."

"உன் வாய் நீளத்துக்கு எந்த ஏணியும் எட்டாது. போய்க் கிள்ளு!"

மறுநாள் சம்பந்திகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். சோறு விழுந்தது. எல்லோரும் அண்ணாந்தார்கள். அப்போது மூத்த மரம் ஒரு பெருமூச்சு விட்டது. பிடித்துப் பிடித்து வலித்த கையைத் தளர்த்துவதுபோல, எல்லாப் பூவையும் விட்டுவிட்டது. பக்கத்து மரமும் விட்டது. தோப்பே விட்டது. சோற்றில் பூ, ரசத்தில் பூ, மாப்பிள்ளையின் மீசையில் பூ.

மல்லனார் துள்ளி எழுந்தார். "ஒன்றுகூட வாடவில்லையே! அதற்குள் ஏன் உதிர்த்தாய்?"

"வாடும்வரை நின்றால், வாடிய பிறகும் நிற்கச் சொல்வீர்கள்," என்றது மரம். "எனக்கு அலுத்துவிட்டது. வருஷத்தில் சில நாள் பூக்கிறேன், வந்து பாருங்கள். மிச்ச நாள் நான் சாப்பிட வேண்டும்."

"காரி! துளிர் ஒன்று தலைகாட்டக் கூடாது. எடு ஏணியை!"

காரி ஏணியைத் தரையில் சாய்த்தாள். அதன்மேலேயே உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "எனக்கும் அலுத்துவிட்டது, தலைவரே. வேண்டுமானால் நீங்கள் ஏறுங்கள்."

சம்பந்திகள் சிரித்துவிட்டார்கள். பட்டு வேட்டியோடு அவர் எங்கே ஏறுவது? ஏணி அங்கேயே கிடந்தது. கொஞ்ச நாளில் கிளையெல்லாம் துளிர்த்தது. யாரும் கை வைக்கவில்லை.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகுதான் செர்ரி மரம் வசந்தத்தில் சில நாள் மட்டும் பூத்து, வாடுமுன்பே உதிர்த்துவிட்டு, இலை விடுகிறது. பூங்காவுக்குப் பிந்தி வருகிறவர்கள் பச்சை மரத்தைப் பார்த்து, "அடச்சே, முடிந்துபோச்சே!" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். கொஞ்சம் மெல்லப் பேசுங்கள். மரம் இப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருக்கிறது.