கரை மாறிய சபை

மலையடிவாரத்துக் காடு ஒன்றில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு மணல்மேடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மிருகங்கள் கூட்டமாக அங்கே வந்து சேரும். எல்லாம் ஒன்றாக நின்று ஆண்டவரைத் துதித்துப் பாடும். அந்தக் கூட்டத்துக்கு ஆற்றங்கரைச் சபை என்று பெயர்.

பிள்ளைகளே, அது பெரிய சபை இல்லை. பாட்டைத் தொடங்குவது கரடி. அதன் குரல் எதிர்க்கரை வரை கேட்கும். யானை பொறுமையானது. குரங்கு அவசரக்காரக் குரங்கு. ஜெபம் முடியும் முன்பே ஆமென் சொல்லிவிடும். முயலுக்கோ எல்லாவற்றுக்கும் பயம். பாடும்போதுகூட வாயை மட்டும்தான் அசைக்கும்.

மேட்டின் நடுவில் ஒரு வெள்ளைக் கல் இருந்தது. அதைச் சுற்றி நின்றுதான் எல்லாரும் பாடுவார்கள். அந்தக் கல்லுக்கு ஒரு காவலர் உண்டு. அது நரி. யாரும் நரியைக் காவலராக வைக்கவில்லை. தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. தினமும் காலையில் தன் வாலால் கல்லைத் துடைக்கும். யாராவது பக்கத்தில் வந்தால், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், இது புனிதமான இடம்" என்று சொல்லும்.

அந்த ஆண்டு மழைக்காலத்துக்கு ஒரு மாதம் முன்பு, இருவாச்சிப் பறவை ஒரு செய்தி கொண்டுவந்தது. கூரிய கண் உள்ள பறவை அது.

"மேட்டின் அடிமண்ணை ஆறு அரித்துவிட்டது. மேலே நின்றால் தெரியாது. தண்ணீர்ப் பக்கமிருந்து பார்த்தால் குகை மாதிரி இருக்கிறது. இந்த வெள்ளத்துக்கு மேடு நிற்காது" என்றது.

எல்லாரும் குனிந்து காலடி மண்ணைப் பார்த்தார்கள். இருவாச்சி தொடர்ந்து சொன்னது: "ஆனால் எதிர்க்கரையில் ஒரு குன்று பார்த்து வைத்திருக்கிறேன். உச்சியில் சமதளம். பக்கத்திலேயே ஊற்று. சூரியன் எழும்போது முதல் வெளிச்சம் அங்கேதான் விழுகிறது."

"ஊற்று இருக்கிறதா?" என்று கேட்டது யானை.

"இருக்கிறது அக்கா. நீங்கள் இறங்கிக் குளிக்கிற அளவுக்கு."

"நாவல் மரம்?" என்றது கரடி.

"ஏழு மரம். எண்ணினேன்."

அவ்வளவுதான், சபை முழுவதும் ஒரே பேச்சு. மூங்கில் வெட்ட வேண்டும், கொடி அறுக்க வேண்டும், தெப்பம் கட்ட வேண்டும். குரங்கு அப்போதே ஒரு மூங்கிலை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. எந்தப் பக்கம் எடுத்துப் போவது என்றுதான் அதற்குத் தெரியவில்லை.

மேட்டில் கடைசி ஞாயிறு வந்தது. பாட்டு முடிந்ததும் கரடி சொன்னது: "அடுத்த வாரம் குன்றின்மேல் பாடப் போகிறோம். போகும் முன் யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் சொல்லுங்கள்."

முள்ளம்பன்றித் தாய் முன்னால் வந்தது. அது நிதானமாக நடக்கும், நிதானமாகப் பேசும்.

"காட்டுத்தீயில் என் முதல் பிள்ளையைப் பறிகொடுத்தேன். அது உங்களுக்கெல்லாம் தெரியும். அதற்கு அடுத்த ஞாயிறு இங்கே வந்தேன். என்னால் பாட முடியவில்லை. ஆண்டவர்மேல் கோபம்கூட இருந்தது. நீங்கள் யாரும் என்னைப் பாடச் சொல்லவில்லை. என்னைச் சுற்றி நின்று நீங்களே பாடினீர்கள். பாட்டு முடிவதற்குள் ஆண்டவர் என் பக்கத்தில் வந்துவிட்டார் என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்."

யாரும் கேட்கவில்லை. கரடி மூக்கை உறிஞ்சியது.

நரி தொண்டையைக் கனைத்தது. "இங்கே நடந்தது இது. இந்தக் கல்லுக்கு முன்னால் நடந்தது. அதை மறந்துவிடாதீர்கள். இந்தக் கல்லைப் பார்த்துத்தான் ஆண்டவர் நம்மிடம் இறங்கி வருகிறார். கல் இல்லாமல் நாம் போனால் குன்று வெறும் குன்றுதான்."

"கல்லையும் கொண்டு போவோம்" என்றது யானை. "முதல் தெப்பத்திலேயே ஏற்றிவிடலாம்."

"முதலிலா? கூடாது. எல்லாரும் போய்க் கரையில் வரிசையாக நின்று வரவேற்க வேண்டும். கல் கடைசியில்தான் வரும், மரியாதையோடு" என்றது நரி.

சரி என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை வேலை தொடங்கியது. மான்கள் கொடிகளைப் பல்லால் அறுத்துக் கொடுத்தன. குரங்கு முடிச்சுப் போட்டது. பாதி முடிச்சு அவிழ்ந்துபோக, கரடி மறுபடியும் இறுக்கியது. புதன்கிழமை தெப்பம் மிதந்தது. யானை ஆற்றில் இறங்கி, முதுகு முழுகும் ஆழத்தில் நெற்றியால் தள்ளத் தள்ள, அது எதிர்க்கரைக்குப் போனது.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் திருவிழா மாதிரிதான். அக்கரைக்குப் போனவர்கள் குன்றின்மேல் ஏறி நின்று கத்துவார்கள்.

"இங்கே காற்று எப்படி அடிக்கிறது தெரியுமா?"

"ஊற்றுத் தண்ணீர் இனிக்கிறது!"

இக்கரையில் இருப்பவர்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்தது யார், அடுத்தது யார் என்று தெப்பத்தை மொய்த்தார்கள்.

முள்ளம்பன்றித் தாயும் தந்தையும் மூன்று குட்டிகளும் புதன்கிழமையே கரைக்கு வந்து நின்றார்கள். ஆனால் அவர்கள் ஏறப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் சொல்வார்: "அடுத்த தடவை வாருங்களேன். தெப்பம் ஆடினால் உங்கள் முள் எங்கள்மேல் குத்திவிடும்."

"அதுவும் சரிதான். நாங்கள் அடுத்த தடவை வருகிறோம்" என்று தந்தை ஒதுங்கிக்கொள்ளும்.

வியாழன் போனது. வெள்ளி போனது. சனிக்கிழமை நண்பகலில் மேட்டில் எஞ்சியிருந்தது முள்ளம்பன்றிக் குடும்பமும், தெப்பத்துக்குப் பயந்து பின்வாங்கிக்கொண்டே இருந்த முயலும், நரியும், வெள்ளைக் கல்லும்தான்.

இவர்களுக்காகக் கல் காத்திருக்க முடியாது, பிறகு வரட்டும் என்று நரி சொல்லிவிட்டது. யானை துதிக்கையால் கல்லைச் சுற்றிப் பிடித்து, தெப்பத்தின் நடுவில் மெல்ல வைத்தது. நரி கல்லின்மேல் ஏறி நிமிர்ந்து உட்கார்ந்தது. அக்கரையில் கரடியும் குரங்கும் மான்களும் வரிசையாக நின்றுவிட்டார்கள்.

அப்போது இருவாச்சி வானத்திலிருந்து நேராக இறங்கி வந்தது. அதற்கு மூச்சு வாங்கியது.

"மேலே மலையில் மழை கொட்டுகிறது. இரண்டாவது வளைவு வரை வெள்ளம் வந்துவிட்டது. தண்ணீர் சிவப்பாக வருகிறது, மரங்களை உருட்டிக்கொண்டு வருகிறது. ஒரு தடவைதான் போக முடியும். அதற்கு மேல் நேரம் இல்லை."

எல்லாரும் தெப்பத்தைப் பார்த்தார்கள். கல்லும் நரியும் ஏறியதற்கே மூங்கில்கள் தண்ணீர் மட்டத்துக்கு அமிழ்ந்திருந்தன. ஒரு அணில் ஏறினால்கூட முழுகிவிடும்.

"யானையக்கா, தள்ளுங்கள்" என்றது நரி.

"இவர்கள்?"

"ஆண்டவர் பார்த்துக்கொள்வார். கல் போகாவிட்டால் சபையே இல்லை. நாளைக் காலையில் எதைப் பார்த்துப் பாடுவீர்கள்?"

யானை தயங்கியது. முள்ளம்பன்றித் தந்தை தலைகுனிந்து சொன்னது: "கல்லே போகட்டும் அக்கா. அது எல்லாருக்கும் பொதுவானது. நாங்கள் ஐந்து பேர்தானே. மேட்டுக்குப் பின்னால் ஏதாவது உயரமான இடம் இருக்கும்."

மேட்டுக்குப் பின்னால் உயரமான இடம் எதுவும் இல்லை. அது எல்லாருக்கும் தெரியும். கடைசிக் குட்டி அம்மாவின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

அந்த நேரத்தில் ஒரு குரல் கேட்டது. யாரும் அதுவரை கேட்டிராத மெல்லிய குரல்.

"கல்லுக்கு மூச்சு முட்டாது" என்றது முயல்.

நரி திரும்பிப் பார்த்தது. "என்ன சொன்னாய்?"

முயல் பின்வாங்கவில்லை. "கல் தண்ணீருக்குள் போனால் கல்லாகவே இருக்கும். இந்தக் குட்டிகள் போனால்... நாளைக்கு நாம் பாடுகிற பாட்டை ஆண்டவர் கேட்பாரா, நரியண்ணா? எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன்."

யானை அதற்கு மேல் தயங்கவில்லை. நரியை மெதுவாகத் தூக்கிக் கரையில் விட்டது. கல்லை எடுத்து, முன்பு இருந்த இடத்திலேயே வைத்தது.

"ஏறுங்கள். சீக்கிரம்."

முள்ளம்பன்றிகள் ஏறின. முயல் கண்ணை மூடிக்கொண்டு ஒரே தாவாகத் தாவி, இரண்டு குட்டிகளுக்கு நடுவில் விழுந்தது. முள் குத்தியது, அது வாயே திறக்கவில்லை.

"நரியண்ணா, நீங்களும் வாருங்கள். இடம் இருக்கிறது" என்றது முள்ளம்பன்றித் தாய்.

"நான் வரவில்லை. ஆண்டவர் தம்முடைய கல்லைக் காப்பாற்றுவார். கல்லோடு என்னையும் காப்பாற்றுவார். அப்போது உங்களுக்குத் தெரியும்."

எவ்வளவோ கூப்பிட்டும் நரி அசையவில்லை. இருவாச்சி மேலிருந்து அவசரப்படுத்தியது. யானை தெப்பத்தைத் தள்ளியது.

நடு ஆற்றில் தண்ணீரின் நிறம் மாறியது. ஒரு கட்டை வந்து தெப்பத்தில் மோதி, ஓரத்து மூங்கிலைப் பிய்த்துக்கொண்டு போனது. யானை தன் உடம்பையே அணையாக வைத்து மறித்தது. அக்கரையில் கரடி மார்பளவு தண்ணீரில் இறங்கி நின்றது. முள் குத்தும் என்று பார்க்காமல் குட்டிகளை ஒவ்வொன்றாக வாங்கிக் கரையில் போட்டது. கடைசியில் முயல் இறங்கியதும் தெப்பம் அக்கு அக்காகப் பிரிந்து ஆற்றோடு போனது.

"வந்துவிட்டோம்" என்று ஒரு குட்டி சொன்னது. எல்லாரும் சிரித்தார்கள், அழுதார்கள், ஒருவரை ஒருவர் தடவிப் பார்த்தார்கள்.

யானை மட்டும் பழைய கரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மேட்டில் பாதியைக் காணவில்லை. நரி கல்லின்மேல் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் கல்லை எட்டிவிட்டது. நரி ஏதோ கத்தியது. ஆற்றுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"கூப்பிட்டோம், வரவில்லை" என்றது குரங்கு. "அது இந்தக் குட்டிகளை விட்டுவிட்டுப் போகப் பார்த்தது. இனி யார் என்ன செய்ய முடியும்? தெப்பமும் இல்லை."

சிலர் ஆமாம் என்று தலையசைத்தார்கள்.

முள்ளம்பன்றித் தாய் உடலைச் சிலிர்த்துத் தண்ணீரை உதறியது. "நாம் எல்லாரும் கரை மாறி வருவதாகத்தானே பேச்சு? ஒருவர் இன்னும் வரவில்லை. பிறகு எப்படி வந்துவிட்டோம் என்கிறீர்கள்?"

கரடி உடனே திரும்பியது. "கொடி. இருக்கிற கொடியெல்லாம் கொண்டுவாருங்கள்."

மான்கள் ஓடின. குரங்கு எல்லாரையும்விட வேகமாக ஓடியது. கொண்டுவந்த கொடிகளைச் சேர்த்துத் திரித்து, யானையின் இடுப்பில் கட்டினார்கள். இந்த முறை குரங்கு ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தது.

யானை ஆற்றில் இறங்கியது. துதிக்கை மட்டும்தான் மேலே தெரிந்தது. சில நேரம் அதுவும் தெரியவில்லை. கரையில் எல்லாரும் கொடியைப் பிடித்து நின்றார்கள். கரடி முன்னால், மான்கள் நடுவில், முள்ளம்பன்றிகள் பல்லால் கவ்வியபடி பின்னால், எல்லாருக்கும் கடைசியில் முயல்.

"விடாதீர்கள், விடாதீர்கள்" என்று இருவாச்சி மேலே வட்டமிட்டது.

கல்லின் மேலே தண்ணீர் ஏறிய அதே நேரத்தில் துதிக்கை நரியைத் தொட்டது. நரி இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டது. மறுகணம் கல்லும் இல்லை, மேடும் இல்லை.

"இழுங்கள்" என்றது கரடி.

இழுத்தார்கள். கொடி, பிடித்த கைகளையும் கவ்விய வாய்களையும் கிழித்தது. யானை ஒரு முறை முழுதாக மூழ்கி எழுந்தது. மறுபடியும் இழுத்தார்கள். யானையின் முன்னங்கால் தரையைத் தொட்டபோது, ஒருவர்கூட நிற்காமல் எல்லாரும் பின்னால் மல்லாந்து விழுந்தார்கள்.

நரி சேற்றில் கிடந்தது. எழுந்து முள்ளம்பன்றிக் குட்டிகளைப் பார்த்தது. ஏதோ சொல்ல வந்தது. குளிரில் பல் கிட்டிப் போயிருந்ததால் பேச்சு வரவில்லை.

"அப்புறம் சொல்லலாம். மேலே வா, ஊற்றைக் காட்டுகிறேன்" என்றது ஒரு குட்டி.

ஞாயிறு விடிந்தது. குன்றின்மேல் முதல் வெளிச்சம் விழுந்தது. எல்லாரும் கூடினார்கள். எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கிழக்கே சிலர், ஆற்றைப் பார்த்துச் சிலர் என்று நின்று, பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தபடி வட்டமாக நின்றுகொண்டார்கள்.

கரடி பாட்டைத் தொடங்க மூச்சை இழுத்தது. அப்படியே நிறுத்திவிட்டது. நரி வட்டத்துக்கு வெளியே நின்று குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது.

யானை நகர்ந்து போய்க் காற்றை மறைத்து நின்றது. கரடி நரியைத் தன் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டது. நடுக்கம் நிற்கும்வரை யாரும் பாட்டைத் தொடங்கவில்லை. குரங்குகூடப் பொறுமையாக இருந்தது.

நீதி: வழிபட்ட இடத்தை விட்டுவிட்டுப் போகலாம், நம்மோடு வழிபட்டவரை விட்டுவிட்டுப் போகக் கூடாது.