ஆஸ்பர்ட் பிரபு மூன்று முறை கொடுத்த நிலம்

அரசர்களின் கதைகளை நிறையக் கேட்டிருப்பீர்கள். அரசருக்குக் கீழே, உழுகிறவனுக்கு மேலே, நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒருவரின் கதையை இன்று கேளுங்கள்.

வெகுகாலத்துக்கு முன்பு, ஆங்கிலேயர்கள் கப்பலேறி நம் கரைக்கு வருவதற்கும் முந்நூறு ஆண்டுகள் முன்பு, அவர்களுடைய நாட்டில் ஆஸ்பர்ட் என்றொரு சிறு பிரபு இருந்தார். அவருக்குத் தார்ன்வுட் என்ற பண்ணை இருந்தது. அதில் ஒரு கல் வீடு, ஓர் ஆறு, நாற்பது குடிசைகள். கல் வீட்டில் பிரபு இருந்தார். குடிசைகளில் அவருக்காக உழுதவர்கள் இருந்தார்கள். ஆறு யாருக்கும் வேலை செய்யாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நிலத்தைப் பிரபுவின் பாட்டனுக்குப் பாட்டன் வாளைக் காட்டி வாங்கியிருந்தார். அதற்கு முன் அது யாருடையது என்று அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை.

பிரபுவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கில்பர்ட், இளையவள் அவிஸ்.

கில்பர்ட் இருபது வயதிலிருந்து பிறருடைய சண்டைகளில் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தான். ஆண்டுக்கு ஒருமுறை வருவான். தின்பான், தூங்குவான், நல்ல குதிரையாகப் பார்த்து ஒன்றை ஓட்டிக்கொண்டு போவான்.

அவிஸ் வீட்டில் இருந்தாள். ஆறு கரை உடைத்துக்கொண்டிருந்த இடத்தில் கரை கட்டவைத்தாள். சேற்று நிலத்தில் வாய்க்கால் வெட்டவைத்துத் தண்ணீரை வடித்தாள். நோய் கண்ட ஆடுகளைப் பிரித்து மேட்டில் அடைத்து, மிச்ச மந்தையைக் காப்பாற்றினாள். பன்னிரண்டு ஆண்டுகள் தார்ன்வுட் அவள் சொல்லில் நடந்தது. பிரபு நாற்காலியில் உட்கார்ந்து ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்த நாட்டுச் சட்டம் வேறு. தகப்பன் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கு. மகன் இருக்கும் வீட்டில் மகளுக்கு ஒரு சாண் மண்ணும் கிடையாது.

கில்பர்ட் அதை ஒளிக்கவும் இல்லை. "அப்பா கண்ணை மூடியதும் உன்னைக் கன்னியர் மடத்தில் கொண்டுபோய் விடுகிறேன், தங்கச்சி. அங்கே காலையில் நல்ல கஞ்சி ஊற்றுவார்களாம்" என்பான். சொல்லிவிட்டுத் தானே சிரிப்பான்.

தப்பிக்க ஒரே வழி இருந்தது. தகப்பன் உயிரோடு இருக்கும்போதே நிலத்தைத் தன் கையால் கொடுத்துவிடலாம். எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. படிக்கத் தெரியாத ஊர் அது, கண்ணால் பார்த்ததைத்தான் நம்பும். அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அந்த நிலத்திலேயே நின்று, புல்லோடு ஒரு மண்கட்டி வெட்ட வேண்டும். ஊரார் முன்னால் அதை வாங்குகிறவர் கையில் வைக்க வேண்டும். அதன் பிறகு, கொடுத்தவர் நிலத்தை விட்டு வெளியே போய்விட வேண்டும்.

முதல் இரண்டையும் எல்லாரும் அழகாகச் செய்வார்கள். கதை இருப்பது மூன்றாவதில்.

முதல் முறை, இளவேனிற் காலத்தில், பிரபு ஊரைக் கூட்டினார். வாட் என்ற மூத்த உழவன் மண்வெட்டியால் மண்கட்டியை வெட்டி எடுத்துப் பிரபுவிடம் நீட்டினான். பிரபு அதை மகள் கையில் வைத்தார். "இன்றிலிருந்து தார்ன்வுட் உன்னுடையது, மகளே" என்றார். மிக நன்றாகப் பேசினார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எல்லைக் கல்லுக்கு அப்பால், தேவாலயத்தின் பக்கத்தில், அவருக்கென்று ஒரு சிறு வீடு வெள்ளையடித்துத் தயாராக இருந்தது. அடுப்பு மூட்டியிருந்தார்கள். வண்டியும் பூட்டியிருந்தார்கள்.

பிரபு வானத்தைப் பார்த்தார். "மழை வரும் போலிருக்கிறது. நாளைக்குப் போகிறேன்" என்றார்.

வானத்தில் ஒரு மேகம் கூட இல்லை.

மறுநாள் முழங்கால் வலித்தது. அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை வீடு மாறக் கூடாது. பத்து நாள் இப்படியே போனது. ஊருக்கே மது காய்ச்சி விற்ற மாட் என்ற கிழவி பீப்பாயைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நிலத்தையெல்லாம் மகளுக்குக் கொடுத்துவிட்டார். படுக்கை ஒன்றைத்தான் கொடுக்கவில்லை. என்ன செய்வது, படுக்கைக்கு அடியிலும் நிலம் அல்லவா இருக்கிறது!"

அவிஸ் மண்கட்டியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

இரண்டாம் முறை, கோடை தொடங்கியபோது, பிரபு மறுபடி ஊரைக் கூட்டினார். மறுபடி வாட் வெட்டினான். மறுபடி பிரபு கொடுத்தார். இந்த முறை உண்மையாகவே வண்டியில் ஏறினார், எல்லைக் கல்லைத் தாண்டினார், சிறு வீட்டில் பத்தொன்பது நாள் இருந்தார். நாற்காலியை மட்டும் எடுத்துப் போகவில்லை. அது பெரிய கருவாலி மர நாற்காலி, சிறு வீட்டு வாசலில் நுழையாது என்றார். யாரும் அளந்து பார்க்கவில்லை.

இருபதாம் நாள் தார்ன்வுட்டில் ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்தார்கள். "பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்று பிரபு புறப்பட்டு வந்தார். யாரோ நாற்காலியை முற்றத்துக்குத் தூக்கி வந்து போட்டார்கள். யாரென்று பிறகு கேட்டபோது எல்லாரும் இன்னொருவரைக் காட்டினார்கள். பிரபு உட்கார்ந்தார்.

கத்தரித்து முடித்த ஆடுகளை வெளியே விட, அவிஸ் சொன்னபடி வாட் கிழக்குக் கதவைத் திறந்துகொண்டிருந்தான்.

"வாட், அந்தக் கதவைச் சாத்து" என்றார் பிரபு.

வாட் சாத்தினான். சாத்திய பிறகுதான் யோசித்தான். தன் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஐயா, நீங்கள் சொன்னதும் சாத்திவிட்டேன்."

"சாத்தத்தானே சொன்னேன்?"

"ஆமாம் ஐயா. அதுதான் வம்பு."

கொடுத்த நிலத்தில் கொடுத்தவருடைய உத்தரவு ஓடினால் அவர் இன்னும் போகவில்லை என்று பொருள். இதுவும் அந்த ஊர் வழக்கம். அன்று பிரபு கல் வீட்டிலேயே சாப்பிட்டார். அதன் பிறகு சிறு வீட்டுக்குத் திரும்பவும் இல்லை.

அவிஸ் இரண்டாவது மண்கட்டியை முதல் மண்கட்டியின் பக்கத்தில் வைத்தாள். முதலாவதில் புல் வளர்ந்திருந்தது. அவள்தான் தண்ணீர் தெளித்து வந்தாள்.

மூன்றாம் முறை குளிர்காலம். பிரபு எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். வைத்தியர் ஒரு வாரம் தாங்கும் என்றார். கில்பர்ட்டுக்குச் செய்தி போயிற்று. அவனும் குதிரையைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.

பிரபு மகளை அழைத்தார். "இந்த முறை ஒழுங்காகக் கொடுத்துவிடுகிறேன். என்னைக் கட்டிலோடு தூக்கச் சொல்" என்றார்.

தரை உறைந்து கிடந்தது. மண்வெட்டி இறங்கவில்லை. வாட் கோடரியால் வெட்டி மண்கட்டியை எடுத்தான். பிரபு அதைப் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி மகளுக்குக் கொடுத்தார். நான்கு பேர் கட்டிலைத் தூக்கினார்கள். ஊர் பின்னால் நடந்தது.

எல்லைக் கல் வந்தது. முன்னால் பிடித்த இருவரும் தாண்டினார்கள். கட்டிலில் பாதி தாண்டியது.

"நிறுத்துங்கள்" என்றார் பிரபு.

கட்டிலை இறக்கினார்கள். கால் வெளியே இருந்தது. தலை உள்ளே இருந்தது. பிரபு தலையைத் திருப்பிக் கல் வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்தார். அதிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது.

வாட் குனிந்து மெதுவாகக் கேட்டான்: "அம்மா, இன்னும் இரண்டு முழம்தான். இழுத்துவிடட்டுமா?"

"இழுக்காதே. அவரே சொல்லட்டும்" என்றாள் அவிஸ்.

அவள் பனியில் முழங்காலிட்டுக் கேட்டாள். "போகலாமா அப்பா?"

"இதோ" என்றார் பிரபு.

சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டாள். "போகலாமா அப்பா?"

"இதோ."

மூன்றாம் முறை கேட்டாள். பிரபுவின் உதடு அசைந்தது. அதற்கு மேல் ஒன்றும் அசையவில்லை. கல் வீட்டிலிருந்து புகை மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

கில்பர்ட் மாலையில் வந்து சேர்ந்தான்.

பிறகு அரசரின் அதிகாரி வந்தார். ஊரில் பன்னிரண்டு ஆண்களை நிறுத்திச் சத்தியம் வாங்கிக்கொண்டார். மூன்று கேள்விகள் கேட்டார்.

"மண்கட்டி வெட்டினார்களா?"

"வெட்டினார்கள்."

"கையில் கொடுத்தாரா?"

"கொடுத்தார்."

"வெளியே போனாரா?"

பன்னிரண்டு பேரில் பதினொருவர் வாட்டின் முகத்தைப் பார்த்தார்கள். வாட் தன் காலைப் பார்த்தான். கில்பர்ட் கைக்கு நிலம் வந்தால், ரோமம் விற்கும் காசுக்காக உழவர்களை விரட்டிவிடுவான், தான் உழுகிற வயலில் ஆடு மேயும் என்று வாட்டுக்குத் தெரியும். இரண்டு முழப் பொய் போதும். அதை மறுத்துச் சொல்ல அந்த ஊரில் யாரும் இல்லை.

"கால் வெளியே இருந்தது, ஐயா" என்றான்.

"தலை?"

வாட் அவிஸைப் பார்த்தான். அவள் மூன்று மண்கட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இருந்ததைச் சொல், வாட்" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று ஊர் பல நாள் பேசியது. சிலர் நேர்மை என்றார்கள். சிலர் திமிர் என்றார்கள். மாட் கிழவி மட்டும், "களைப்பு" என்றாள்.

"தலை உள்ளே இருந்தது, ஐயா."

அதிகாரி தலையசைத்தார். "காலைக் கொண்டுபோனவர் தலையைக் கொண்டுபோகவில்லை. நிலம் மூத்த மகனுக்கு" என்றார்.

கில்பர்ட்டுக்கு அன்று மனம் நிறைந்துவிட்டது. மனம் நிறைந்த மனிதர்களுக்குக் கொடுக்கத் தோன்றும். "என் தங்கையை வெறுங்கையோடு மடத்துக்கு அனுப்புவேனா? ஆற்றோரப் புல்வெளியை அவளுக்கே தருகிறேன்" என்றான். அவள் கரை கட்டிக் காப்பாற்றிய புல்வெளி அது. அவன் கருவாலி மர நாற்காலியைத் தூக்கி வரச் சொன்னான். புல்வெளியின் நடுவே போடச் சொல்லி அதில் உட்கார்ந்தான். வாட் மண்கட்டி வெட்டினான். கில்பர்ட் அதைத் தங்கையின் கையில் வைத்தான். அதிகாரி பாராட்டினார். பாதிரியார் பாராட்டினார். குடிசைக்காரர்களும் பாராட்டினார்கள், பாராட்டச் சொல்லியிருந்தார்கள்.

அவிஸ் மண்கட்டியோடு நின்றுகொண்டே இருந்தாள்.

"இன்னும் எதற்குக் காத்திருக்கிறாய், தங்கச்சி?"

"நீ எழுந்து போவதற்கு, அண்ணா."

"நான் எதற்குப் போக வேண்டும்? இது என் நிலம்!" என்றான் கில்பர்ட்.

கூட்டத்தில் மாட் கிழவி சிரித்துவிட்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அவிஸ் குனிந்தாள். அந்த மண்கட்டியை வெட்டியெடுத்த குழியிலேயே திருப்பி வைத்தாள். புல் பட்டுப்போகாமலிருக்கக் காலால் அழுத்திவிட்டாள். பிறகு மடியிலிருந்த பழைய மூன்று மண்கட்டிகளையும் நாற்காலியின் காலடியில் வரிசையாக வைத்துவிட்டு நடந்தாள். எல்லைக் கல்லைத் தாண்டினாள். பாட்டனுக்குப் பாட்டன் வாளோடு வந்த நாளிலிருந்து, அந்தக் குடும்பத்தில் தன் காலால் நடந்து அந்தக் கல்லைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் போனவள் அவள் ஒருத்திதான்.

அடுத்த ஆண்டு வாட்டின் வயலில் ஆடு மேய்ந்தது. நான்கு முறையும் மண்ணை வெட்டிக் கொடுத்தவன் அவன். அவன் கையில் மட்டும் யாரும் ஒரு மண்கட்டி வைக்கவில்லை. வைப்பதாகப் பேச்சும் எழவில்லை.

கதை இவ்வளவுதான். கேட்டவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியது ஒன்றே ஒன்று: கொடுத்தவர் அந்த இடத்தை விட்டு எழுந்து போகாதவரை, அவர் கொடுத்தது கொடுத்ததாகாது.