வாசலில் நின்ற ‘ம்’

ஒரு ஊரில் வசுமதி என்று ஒருத்தி இருந்தாள். நல்லவள்தான், குறை சொல்ல முடியாது. காலையில் எழுந்து, சமைத்து, மகள் நித்திலாவைப் பள்ளிக்கு அனுப்பி, தானும் எட்டேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கை, கால் எல்லாம் வீட்டில்தான் இருக்கும். மனசு மட்டும் இருக்காது.

அது விடிந்ததும் கிளம்பிவிடும். இன்றைக்கு மேனேஜர் என்ன சொல்வாரோ என்று ஆபீசை எட்டிப் பார்க்கும். அங்கிருந்து, பதினோரு வருஷத்துக்கு முன்னால் நாத்தனார் வளைகாப்பில் தன்னைப் பந்திக்குக் கூப்பிடாமல் விட்டார்களே, அந்த மண்டபத்துக்குப் போகும். அட, ஒரு மண்டபத்தை எத்தனை தடவைதான் போய்ப் பார்ப்பது!

போகும்போது வசுமதியின் வாய்க்கு ‘ம்’ என்ற எழுத்தைக் காவல் வைத்துவிட்டுப் போகும்.

“யாராவது ஏதாவது சொன்னா நீ பாத்துக்கோ.”

‘ம்’முக்கு வேறென்ன தெரியும்? தன் பெயரைத்தான் சொல்லத் தெரியும்.

“அம்மா, நோட்டு வாங்கணும்.”

“ம்.”

“அம்மா, பால் பொங்குது.”

“ம்.”

ஒரு திங்கட்கிழமை நித்திலா அடுக்களைக்கு வந்தாள். “அம்மா, எனக்கு இடது காது சரியாவே கேக்கலம்மா.”

“ம்” என்றது ‘ம்’.

செவ்வாய்க்கிழமையும் வந்து அதையே சொன்னாள். அதே பதில்தான். புதன்கிழமை அவள் வரவில்லை.

‘ம்’முக்குப் பொறுக்கவில்லை. பக்கத்திலேயே போவதும் வருவதுமாக இருந்த மூச்சிடம் புலம்பியது. “நான் வெறும் மெய்யெழுத்து. உடம்பு உண்டு, உயிர் கிடையாது. என்னைப் போய் அந்தக் குழந்தைக்குப் பதில் சொல்ல வெச்சிருக்காங்களே, இது அடுக்குமா?”

“எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா வீட்டுக்காரி வந்தாத்தானே சொல்ல முடியும்?” என்றது மூச்சு.

வியாழக்கிழமை வசுமதி குளிக்கப் போகும்போது, “மூணு விசில் வந்ததும் குக்கரை அணைச்சிடுடி” என்று குரல் கொடுத்துவிட்டுப் போனாள். வந்து பார்த்தால் வீடெல்லாம் பருப்பு தீய்ந்த நாற்றம். நித்திலா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

“எத்தனை விசில் வந்திருக்கு! காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கே?”

நித்திலா பதறி எழுந்தாள். “நல்ல காது தலையணையில இருந்துச்சும்மா. இன்னொண்ணுதான் கேக்கலையே. சொன்னேனே.”

“யார்கிட்டடி சொன்னே?”

“உங்கிட்டதான். ரெண்டு நாள் சொன்னேன். நீ ‘ம்’னு சொன்னே.”

மண்டபத்தில் இருந்த மனசு விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தது.

அன்று வசுமதி ஆபீசுக்குப் போகவில்லை. காதுக்குள் சீழ் கோத்திருக்கிறது, இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். மருந்து எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் வசுமதி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

“எனக்கு வீட்டுல இருக்கவே தெரியலையே” என்று மனசும் சேர்ந்து அழுதது.

“குக்கர் வெச்சதும் என் பக்கத்துல வந்து நில்லு” என்றது மூச்சு. “நான் உள்ள போறேன், வெளிய வரேன், நீ சும்மா பாரு. மூணு விசில் வரைக்கும்தான்.”

“நடுவுல ஓடிட்டேன்னா?”

“ஓடுவே. ஞாபகம் வந்ததும் திரும்பி வா. நான் எங்க போகப் போறேன்?”

மறுநாள் முதல் விசிலுக்குள் மனசு நாலு தடவை ஓடியது. நாலு தடவையும் திரும்பி வந்தது. மூச்சு ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. அடுத்தடுத்த நாளும் அப்படித்தான்.

ஒரு வாரம் கழிந்தது. குக்கர் இரண்டாவது விசில் அடித்து ஓய்ந்த நேரம், அடுக்களை வாசற்படியில் நித்திலா.

“அம்மா.”

பழக்கதோஷம், ‘ம்’ வாயைத் திறக்கப் பார்த்தது. அதற்குள் மனசு முன்னால் வந்து நின்றது. அந்த மெய்யெழுத்துக்கு அன்றைக்குத்தான் உயிர் வந்தது.

“சொல்லும்மா” என்று வசுமதி திரும்பி மகள் முகத்தைப் பார்த்தாள்.

நித்திலா அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“ஒண்ணுமில்லம்மா. இருக்கியான்னு பாத்தேன்.”