முப்பத்தொண்ணாம் நம்பர்

"ஒரு பிள்ளைகூட என்கிட்ட ஒரு கேள்வி கேக்க மாட்டேங்குது."

சுகிர்தா டீச்சர் இதைச் சொன்னது மாடத்தியிடம். பள்ளிக்கூட வாசலில் கூடை வைத்து நெல்லிக்காயும் மாங்காய்ப் பத்தையும் இலந்தைவடையும் விற்கிற மாடத்தியிடம்.

ஞானம் தேடி மலை ஏறுகிறவர்கள் தாராளமாக ஏறட்டும். டீச்சர் கேட்டைத் தாண்டிப் பத்து எட்டு வைத்தாள், அவ்வளவுதான். அந்தப் பத்து எட்டு வைக்க அவளுக்குப் பதினோரு வருஷம் பிடித்தது.

மாடத்தி டீச்சரைவிட ஒன்பது வயது இளையவள். படிக்கவென்று எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போனதில்லை. ஆனால் மணி அடித்தால் போதும், அந்தப் பெண்கள் பள்ளிக்கூடமே அவள் கூடையைச் சுற்றித்தான் நிற்கும்.

"உன்கிட்ட மட்டும் எப்படி இப்படி மொய்க்குதுங்க? எனக்கும் சொல்லிக் குடேம்மா."

மாடத்தி மாங்காய் சீவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"நீங்க என்ன பாடம் நடத்துதிய?"

"பிளஸ் டூவுக்கு வணிகவியல். இப்போ சந்தையிடுகை."

"அப்படின்னா?"

"ஒரு பொருளை விக்கிறதுக்கு என்னென்ன வேணும்னு சொல்ற பாடம். பொருள், விலை, இடம், விளம்பரம். இந்த நாலும் சரியா இருந்தா வியாபாரம் தானா நடக்கும். பாடம் முடிச்சாச்சு. ரெண்டு தடவை ரிவிஷனும் ஆச்சு. அம்பத்திரண்டு பிள்ளைங்க, குனிஞ்ச தலை நிமிராம எழுதுது. ஒண்ணாவது நிமிர்ந்து 'இது ஏன் டீச்சர்?'னு கேக்கணுமே! ஆசையா இருக்கு மாடத்தி. ஒரே ஒரு கேள்வி போதும்."

"கேட்டா பதில் தெரியுமா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது.

"எதைக் கேட்டாலும் தெரியும்."

மாடத்தி கத்தியை முந்தானையில் துடைத்தாள்.

"நாலு சொன்னியளே. வாங்குத ஆளு அதுல எங்க?"

"அது வேற பாடம். நுகர்வோர்னு தனியா இருக்கு. அடுத்த மாசம்தான் வரும்."

மாடத்தி சிரித்தாள் பாருங்கள், கூடையில் இருந்த நெல்லிக்காய் ரெண்டு உருண்டு தரையில் விழுந்தது. ஒரு டீச்சரைப் பார்த்து இப்படியா சிரிப்பார்கள்? அவள் சிரிப்பாள். அவளுக்கு யார் பயம்?

"நாளைக்கு மத்தியானம் வந்து உக்காருங்க. நோட்டு கீட்டு கொண்டு வரப்படாது. வாயும் திறக்கப்படாது."

மறுநாள் மத்தியானம் டீச்சர் போய், கவிழ்த்துப் போட்ட ஒரு பழப்பெட்டி மேல் உட்கார்ந்தாள். மணி அடித்தது. பிள்ளைகள் பாய்ந்து வந்தன. டீச்சரைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் திகைத்தன. பிறகு பசி ஜெயித்தது.

ஒருத்தி கை நீட்டினாள். மாடத்தி அவளுக்கு மிளகாய்ப்பொடி போடாமல் மாங்காய் கொடுத்தாள். அவள் கேட்கவே இல்லை.

இன்னொருத்தி கூட்டத்துக்குப் பின்னால் சும்மா நின்றாள். மாடத்தி எழுந்துபோய் அவள் உள்ளங்கையில் ஒரு நெல்லிக்காயை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மூன்றாவது ஒருத்தி இலந்தைவடை கேட்டாள்.

"போடி. நேத்து வயித்த வலின்னு அழுதது யாரு? மோர் குடிச்சிட்டு வா."

அவள் சிணுங்கிக்கொண்டே போனாள். கோபித்துக்கொள்ளவில்லை.

மணி அடித்துக் கூட்டம் கலைந்தது. டீச்சரால் அடக்க முடியவில்லை.

"முதல்ல வந்தாளே, அவளுக்கு ஏன் பொடி போடலை?"

"வாய்ப்புண்ணு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மூஞ்சியப் பாத்தேன்."

"பின்னால நின்னவ?"

"அவளையும் பாத்தேன்."

இதற்கு மேல் என்ன கேட்பது? டீச்சர் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று யோசித்துக்கொண்டே போனாள். பதினோரு வருஷப் பழக்கம், ஒரு நாளில் விடுமா?

அடுத்த நாள் காலையிலேயே வந்துவிட்டாள். முதல் மணிகூட அடிக்கவில்லை. மாடத்தி அப்போதுதான் கூடையை இறக்கியிருந்தாள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று காசை நீட்டிக்கொண்டு நின்றது.

"பொறுட்டி. இன்னும் போணி ஆகல."

"நான்தான் வாங்குறேன்லா அக்கா, போணி பண்ணுங்க."

"பொறுன்னேன்லா."

மாடத்தி சாலைத் திருப்பத்தைப் பார்த்தாள். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். திருப்பத்தில் ஒரு பால்காரர் வந்தார். ஒரு நாய் வந்தது. வேறு யாரும் வரவில்லை.

அவள் ஓர் இலந்தைவடையை எடுத்துத் தாளில் மடித்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள். அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளையிடம் காசு வாங்கினாள்.

"அது யாருக்கு?"

"வராதவளுக்கு."

"யாரு வராதவ?"

"ஒங்க கிளாசுப் பிள்ளைதான் டீச்சர். முப்பிடாதி. போன வருசத்துலருந்தே அவதான் எனக்குப் போணி. ராசியான கை. அவ தொட்டுட்டுப் போனான்னா மத்தியானத்துக்குள்ள கூடை காலி. இப்பம் இருபத்திரண்டு நாளாச்சு, ஆளைக் காணோம்."

மாடத்தியின் குரல் இறங்கியது.

"ராசி கெடக்கட்டும் டீச்சர். காலையில கண்ணு அந்தத் திருப்பத்தையே பாக்கு. எந்தப் பிள்ளை தலை தெரிஞ்சாலும் அவதான்னு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளும். கிட்ட வந்தா வேற பிள்ளையா இருக்கும். பெத்த பிள்ளையா என்ன? ஆனாலும் தேடுது."

டீச்சர் யோசித்தாள்.

"முப்பிடாதி... அவ நம்பர் என்ன?"

மாடத்தி டீச்சரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நம்பர் எனக்கு எப்படித் தெரியும்? இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கும். சிரிச்சா வாயைப் பொத்திக்கிடுவா."

டீச்சர் ஓய்வறைக்குப் போய் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். முப்பிடாதி, வரிசை எண் முப்பத்தொன்று. டீச்சருக்கு முகம் நினைவுக்கு வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு வகிடுகள்தான் தெரிந்தன.

ஆனால் பதிவேடு சுத்தமாக இருந்தது. மத்தியானம் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"நீ வேற யாரையோ நினைச்சுக்கிட்டிருக்க மாடத்தி. இங்க பாரு. காலை, மதியம் ரெண்டு வேளையும் வந்திருக்கா. இருபத்திரண்டு நாள்ல ஒரு நாள்கூட லீவு இல்ல. தினமும் நானே கூப்பிட்டு நானே போட்டது."

மாடத்தி பதிவேட்டைப் பார்க்கவில்லை. பிஸ்கட் டப்பாவைத் திறந்து காலையில் மடித்து வைத்த பொட்டலத்தை எடுத்தாள். டீச்சர் கையில் வைத்தாள்.

"அப்போ நல்லதாப் போச்சு. தினமும் வருதால்லா? நீங்களே குடுத்துருங்க."

மத்தியான வகுப்பு. பொட்டலம் மேசை மேல் இருந்தது. டீச்சர் பதிவேட்டைத் திறந்து, குனிந்து, வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"ஒண்ணு."

"ப்ரெசென்ட் டீச்சர்."

"ரெண்டு."

"ப்ரெசென்ட் டீச்சர்."

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பத்து நிமிஷம் ஆகும். நம்பர் என்றால் மூன்றே நிமிஷம். மிச்சம் ஏழு நிமிஷத்தில் போர்டில் ஒரு பத்தி எழுதிப் போடலாம். அப்படித்தான் எல்லா வருஷமும் பாடம் சீக்கிரம் முடிந்தது.

"முப்பது."

"ப்ரெசென்ட் டீச்சர்."

"முப்பத்தொண்ணு."

"ப்ரெசென்ட் டீச்சர்."

டீச்சர் நிமிர்ந்தாள்.

ஐம்பத்தொரு முகங்கள். ஒன்றிலும் புருவத்தில் தழும்பு இல்லை.

"முப்பிடாதி, எந்திரி."

கடைசிக்கு முந்தின பெஞ்சில் ஒரு தலை மெல்ல மெல்லக் கீழே போனது. முன் பெஞ்சுப் பிள்ளையிடம் டீச்சர் பேர் கேட்டுத் தெரிந்துகொண்டாள்: நாகஜோதி, நம்பர் இருபத்தெட்டு.

"நாகஜோதி."

அவள் எழுந்தாள். டீச்சர் தன் பெயரைச் சொன்னதிலேயே பாதி அழுதுவிட்டாள்.

"அடிச்சிராதீங்க டீச்சர். ரொம்ப நாள் வரலைன்னா பேரை எடுத்துருவாங்கன்னு சொன்னாங்க. பேரு இருந்தா என்னைக்காவது வந்துருவான்னுதான் அவளுக்கும் சேத்து நான் சொன்னேன். ஒரு நாள் மாட்டிக்கிருவேன்னு நெனச்சேன். நீங்க நிமிரவே இல்ல."

"அவ எங்க இப்போ?"

"பஜார்ல துணிக்கடையில நிக்கா. அவ அப்பாவுக்குக் கால் முறிஞ்சிருந்தது. இப்ப சரியாகி வேலைக்குப் போறாங்க. வீட்ல 'பள்ளிக்கூடத்துக்குப் போ'ன்னுதான் சொல்றாங்க. அவதான் வரமாட்டேங்கா."

"ஏன்?"

நாகஜோதி தாவணி நுனியை முறுக்கினாள்.

"'நான் போகாம இத்தனை நாளாச்சு, ஒருத்தரும் என்னைத் தேடல. தேடாத இடத்துக்கு எதுக்குப் போகணும்'ங்கா டீச்சர். நான் ப்ரெசென்ட் சொன்னதாலதான் யாரும் தேடல. அதை அவகிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரல."

டீச்சருக்கு அழுகை வந்தது. வந்ததை மறைக்கவில்லை. அன்று வகுப்பில் ஒரு வரிகூட எழுதிப் போடவில்லை. முப்பத்திரண்டிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒவ்வொரு பெயருக்கும் நிமிர்ந்து பார்த்தாள். பத்து நிமிஷம் இல்லை, மணி அடிக்கும்வரை ஆனது.

சாயங்காலம் பஜார். துணிக்கடையில் நல்ல கூட்டம். விற்கிற பெண்கள் எல்லாரும் ஒரே நிறச் சேலை, ஒரே மாதிரிக் கொண்டை, நெஞ்சில் ஒரே மாதிரி வட்டப் பேட்ஜ். பேட்ஜில் பேர் கிடையாது, நம்பர்தான். டீச்சர் எந்த நம்பரையும் படிக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். இடது புருவம், இடது புருவம் என்று வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டு நடந்தாள். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, யாருக்குத் தெரியும்?

சுடிதார் பக்கத்தில் ஒருத்தி குனிந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆள் நிழல் விழுந்ததும் குனிந்தபடியே சொன்னாள்.

"வாங்க மேடம். என்ன பாக்கணும்?"

டீச்சர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"முப்பிடாதி."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. அவள் நிமிர்ந்தாள். புருவத்தில் தழும்பு இருந்தது. இந்த முகத்தைத்தான் எட்டு மாதமாகத் தினமும் பார்க்காமல் இருந்தோம் என்று டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.

"டீச்சர்..." அந்தப் பிள்ளைக்கு நம்ப முடியவில்லை. "என் பேரு ஒங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

கேள்வி! பதினோரு வருஷமாக ஏங்கிய கேள்வி, கடைசியில் ஒரு துணிக்கடையில் வந்து நிற்கிறது. எதைக் கேட்டாலும் பதில் தெரியும் என்று சொன்னவள் வாயைத் திறந்தாள், மூடினாள்.

"இன்னிக்குத்தாம்மா தெரியும்."

டீச்சர் கைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து அந்தத் துணிகள் மேல் வைத்தாள். கசங்கியிருந்தது. இலந்தையின் ஈரம் தாளில் லேசாக ஊறியிருந்தது.

பிள்ளை பிரிக்கவில்லை. எடுத்து மோந்து பார்த்தாள்.

"மாடத்தியக்காவா?"

"தினமும் ஒண்ணு எடுத்து வைக்கிறா. அதுக்கப்புறம்தான் போணி பண்றா."

"நான் வராமலா?"

"நீ வராததாலதான்."

முப்பிடாதி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. தூரத்திலிருந்து கடை மேனேஜர், "என்னம்மா அங்க?" என்று சத்தம் கொடுத்தார். அவள் சட்டென்று ஒரு சுடிதாரை விரித்துப் போட்டாள். அதன் பூவேலையைத் தடவிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, டீச்சர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இப்ப என்ன பாடம் டீச்சர் நடக்கு?"

"சந்தையிடுகை."

"நெறைய போயிட்டா?"

"இல்லம்மா," என்றாள் டீச்சர். "இன்னும் ஆரம்பிக்கலை."